வலப்பக்கம் நின்றவன்

நல்லூர்
19.02.2024

மதிப்புக்குரிய ஸ்ரெல்லா அவர்களுக்கு,

இக்கடிதத்தில் எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்தித் தருகிறேன். இடையில் கிழித்துப் போட நினைத்தால், எதைப் படிக்காமல் விட்டீர்கள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

1. நான் யார், உங்கள் முகவரி எப்படிக் கிடைத்தது.
2. இப்போது ஏன் எழுதுகிறேன்.
3. 1979 மார்கழியில் நான் கண்டதும் எழுதிக் கொடுத்ததும்.
4. செக்கரியாவின் மூன்றாம் அதிகாரத்தில் நான் நிற்கும் இடம்.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. நான் மனுவேற்பிள்ளை. சவேரியார்துறைப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவன். நீங்கள் அங்கே குடும்பம் நடத்திய இரண்டு ஆண்டுகளும் உங்கள் வீட்டுக்கு மூன்றாவது வேலிக்குள் இருந்தவன். கோயில் பங்குச் சபைக்குச் செயலாளர். என்னை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே இப்போது இருக்கும் இளம் பங்குத்தந்தை முன்பு பருத்தித்துறைப் பக்கம் பணியாற்றியவர். உங்கள் மகள் மக்டலீனை அறிந்தவர். முகவரியோடு தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். ஆனால் தொலைபேசியில் நான் உங்கள் சுகத்தை விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது. இந்தத் தவக்காலத்தின் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை முடிந்ததும், மக்களில் ஒருவர் வேதாகமப் பகுதி ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அந்த இளம் குரு ஏற்பாடு செய்திருக்கிறார். ஓய்வு பெற்று நல்லூருக்கு வந்த பிறகு நான் சவேரியார்துறைக்குப் போனதே இல்லை. ஆயினும் பழைய ஆசிரியர் என்று என்னையும் கேட்டார். மறுக்கத் தைரியம் இல்லாததால் ஒப்புக்கொண்டேன். மார்ச் 15. எனக்கு வந்த பகுதி செக்கரியா மூன்று.

எழுபத்தெட்டு வயதுக்குள் அதை எத்தனையோ முறை வாசித்திருப்பேன். இப்போதுதான் அதற்குள் அகப்பட்டேன். தலைமைக் குரு யோசுவா இறைவனின் தூதர் முன் நிற்கிறார். உடையெல்லாம் அழுக்கு. அவருடைய வலப்பக்கத்தில் சாத்தான் நிற்கிறான், குற்றம் சொல்வதற்கு. ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை. அவன் வாய் திறக்கும் முன்பே இறைவன் அவனைக் கடிந்துகொள்கிறார்; நெருப்பிலிருந்து இழுத்தெடுத்த கொள்ளி அல்லவா இவன் என்று கேட்கிறார். பிறகு அழுக்கு உடையைக் களைகிறார்கள். நல்ல உடை உடுத்துகிறார்கள். தலைக்குச் சுத்தமான பாகை வைக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் வாய் திறக்கவில்லை. நான் ஒரு நீதிமன்றத்தை எதிர்பார்த்து வாசித்தேன். அங்கே நடந்தது உடுப்பு மாற்றுதல். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நின்றேன். இருந்துகொண்டு வாசிக்கக்கூடிய பகுதியாக எனக்கு அது படவில்லை.

மூன்றாவது. 1979 மார்கழியில் ஒரு நாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம் நான் கடற்கரையில் உலாவினேன். உங்கள் கணவர் அடைக்கலநாதன் தம் மீன்வாடிக் குடிசையின் முன்னால் தனியே நின்றார். கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றி, அதில் தைத்திருந்த மாதாவின் படத்தை முத்தமிட்டு, வாடிக் கம்பில் தொங்கவிட்டார். கோயிலைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. முதல்நாள் மாலை உங்கள் வீட்டில் சத்தம் கேட்டதும் எனக்கு நினைவிருந்தது.

அப்போது பங்குத்தந்தையாக இருந்த பெரிய சுவாமி என்னைக் கூப்பிட்டு, கண்டதை எழுதித் தரச் சொன்னார். ஏழு குறிப்புகளாக எழுதினேன். ஏழும் உண்மை. தற்கொலை என்ற சொல்லை நான் எழுதவில்லை. வாசிப்பவர் தாமாக அந்த முடிவுக்கு வரும்படி வரிசைப்படுத்தினேன், வடிவகணிதத்தில் செய்வதைப் போல. துக்கமணி அடிக்க வேண்டாம் என்றும், சேமக்காலைச் சுவருக்கு வெளியே அடக்கம் என்றும் சுவாமி முடிவு செய்தார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணியான ஒரு பெண்ணின் வீட்டில் சாவு கிடக்கும்போது உண்மையை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

நான்காவது. ஆகவே அந்த அதிகாரத்தில் என் இடம் எனக்குத் தெரிகிறது. அழுக்கு உடையோடு நிற்பவன் நான். என் கடந்த காலம் என்னைக் குற்றம் சாட்டுகிறது. நான் பதில் இல்லாமல் நிற்கிறேன்.

ஐந்தாவது. அன்றைய என் இரக்கமின்மையை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுவீர்களா? அது இல்லாமல் அந்தப் பகுதியைப் பேச என்னால் இயலாது.

தங்கள் உண்மையுள்ள,
ச. மனுவேற்பிள்ளை


பருத்தித்துறை
25.02.2024

மாஸ்ரர்,

உங்கடை கடிதம் வந்தது. நம்பர் போட்டு எழுதியிருக்கிறியள். அண்டைக்கும் நம்பர் போட்டுத்தான் எழுதினியள். பெரிய சுவாமி எங்கடை வீட்டு வாசலிலை நிண்டு ஏழையும் ஒண்டொண்டா வாசிச்சவர். நான் அஞ்சு மாதப் பிள்ளையை வயித்திலை வைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். எனக்கு இண்டைக்கும் பாடம். சொல்லிக் காட்டவோ?

ரெண்டாம் நம்பர்: "முதல்நாள் மாலை வீட்டில் சச்சரவு." ஓம், சத்தம் போட்டது நான். "காத்து சரியில்லை, உங்களோடை தொழிலுக்கு வாற றெஜியும் காய்ச்சலிலை படுத்திருக்கிறான், தனியப் போகாதையுங்கோ" எண்டு கத்தினனான். அதுதான் உங்கடை சச்சரவு.

நாலாம் நம்பர்: "உத்தரியத்தைக் கழற்றினார்." மாஸ்ரர், நீங்கள் இளவாலைத் தோட்டக்காரற்றை மகன். கலியாணம் செய்து எங்கடை கரைக்கு வந்த ஆள். உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியேல்லையே! அவரும் றெஜியும் விரிச்ச வலை முதல்நாள் கடலடி முருகைக்கல்லிலை கொழுவுப்பட்டுப் போச்சு. தண்ணிக்கை இறங்கித்தான் எடுக்கவேணும். வலைக்குள்ளை இறங்கிறவன் கழுத்திலை ஒரு நூலும் வைச்சிருக்கமாட்டான். நூல் வலையிலை சிக்கினா ஆள் மேலை வராது. கரையிலை பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். திரும்பி வந்து போடுறதுக்குத்தான் கம்பிலை கொழுவிப்போட்டுப் போனவர். சாகப்போறவன் எறிஞ்சுபோட்டுப் போவான், மாஸ்ரர். அவர் கொஞ்சிப்போட்டு மணல் படாமல் உயரத்திலை கொழுவினவர்.

கூப்பிட்டுத் திரும்பேல்லையாம். அவருக்கு வலப்பக்கக் காது கேளாது. அதுவும் ஊருக்கே தெரியும்.

இதெல்லாம் நான் அண்டைக்கே சொன்னனான். பெரிய சுவாமி என்ன சொன்னவர் தெரியுமோ? "பிள்ளை, மாஸ்ரர் படிச்ச மனுசன். அவர் பிழையா எழுதமாட்டார்."

உத்தரியம் என்னட்டைக் கிடக்கு. றெஜி கம்பிலையிருந்து எடுத்துக்கொண்டு வந்து தந்தவன். ஒரு பிஸ்கற் ரின்னுக்கை அவற்றை கலியாணச் சேட்டோடை வைச்சு, தாய் வீடு எண்டு இஞ்சை வந்தனான். சண்டைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினனான். சுனாமியிலை வீட்டுச் சாமான் எல்லாம் போச்சு. அந்த ரின் மட்டும் கிணத்தடிச் சேத்துக்கை கிடந்தது.

மன்னிப்பு ஒரு வரி கேக்கிறியள். மன்னிச்சன் எண்டு நான் எழுதினா நீங்கள் போய் வடிவாப் பேசிப்போட்டு வந்து தேத்தண்ணி குடிப்பியள். என்ரை பிள்ளையை இருபது வயது மட்டும் "மணி இல்லாதவன்ரை பிள்ளை" எண்டுதான் இஞ்சைச் சனமும் கதைச்சது; அந்தக் கரைக் கதை இஞ்சை மட்டும் வந்திட்டுது. கலியாணம் பேசி வந்த ரெண்டு இடம் அதாலை குழம்பினது.

நான் ஒண்டுதான் கேக்கிறன். அவருக்கு மணி அடிக்கவேணும். சவேரியார்துறைக் கோயில் மணி. எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி. நான் கண்ணை மூடமுதல்.

ஸ்ரெல்லா


நல்லூர்
04.03.2024

மதிப்புக்குரிய ஸ்ரெல்லா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு நாள் நான் எதையும் எழுதவில்லை. மூன்றாம் நாள் சரிபார்க்கப் போனேன். உங்களை நம்பாமல் அல்ல. சரிபார்க்காமல் எழுதிய ஒரு தாள் என்ன செய்தது என்று இப்போது தெரிந்துகொண்டதால்.

பேருந்தில் சவேரியார்துறைக்குப் போனேன். வாடிகளுக்கு இப்போது தகரக் கூரை. றெஜி ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான்கைந்து பேர். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஆர், மாஸ்ரரே? இஞ்சை வழி தெரியுமோ உங்களுக்கு?"

நான் கேள்வியை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்தே கேட்டேன்: வலை எடுக்க நீருக்குள் இறங்குபவர் கழுத்தில் இருப்பதைக் கழற்றுவது வழக்கமா?

எல்லோரும் சிரித்தார்கள்.

"கழுத்திலை கயித்தோடை வலைக்குள்ளை போறதோ? அதைவிட நேரை சேமக்காலைக்கு நடந்து போகலாம், மாஸ்ரர்! சுவாமியாருக்கும் அலைச்சல் மிச்சம்."

"மாஸ்ரர் கடலட்டை எடுக்கச் சுழியோடப் போறார் போலை. வயது பாத்தால் இப்பத்தான் சரி!"

றெஜி மட்டும் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடைக்கலண்ணையைப் பற்றிக் கேக்கிறியள் என்ன?"

ஆம் என்றேன்.

"நான் அண்டைக்கே போய்ச் சொன்னனான். காய்ச்சலோடை போனனான். வலை கொழுவுப்பட்டது, அதுக்குத்தான் அண்ணை போனவர் எண்டு. சுவாமி உங்கடை பேப்பரை எடுத்துக் காட்டினார். ஏழு நம்பர். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் அந்தப் பேப்பரையே பாத்துக்கொண்டு நிண்டிட்டு வந்திட்டன்."

"என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"நீங்கள் கேக்கேல்லையே, மாஸ்ரர். நாங்கள் உங்களிட்டை எப்ப வாய் திறந்தனாங்கள்? பிள்ளையளுக்கு றிப்போட் குடுக்கேக்கைகூட வாசலுக்கு வெளியிலைதானே நிண்டனாங்கள்."

உங்கள் கணவரின் வலக்காதைப் பற்றியும் கேட்டேன். சிறுவயதில் சங்கு குளிக்கப் போய்க் கேட்காமல் போனது என்றார். நான் அன்று நின்றது அவருடைய வலப்பக்கத்தில்.

ஏழும் உண்மை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஏழையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இப்போதும் ஒவ்வொன்றும் உண்மைதான். ஏழு உண்மைகளை அடுக்கி ஒரு பெரும் பொய்யைக் கட்ட முடியும் என்பதை, அரை நூற்றாண்டு கணிதம் படித்தும் படிப்பித்தும் நான் அறியவில்லை. இரக்கமில்லாமல் உண்மை சொன்னேன் என்றல்லவா மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னது உண்மையே அல்ல.

இளம் குருவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மணி அடிக்கத் தமக்குத் தடை இல்லை என்றார். "ஆனா ஏன் அண்டைக்கு அடிக்கேல்லை, ஏன் இண்டைக்கு அடிக்கிறம் எண்டு ஆராவது சனத்துக்கு முன்னாலை சொல்லவேணும், மாஸ்ரர். சொல்லாமல் அடிச்சால் அது வெறும் சத்தம்" என்றார்.

நான் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன்: நடந்ததை முழுமையாக எழுதி அவரிடம் கொடுக்கிறேன். மார்ச் 15 அன்று அவர் அதை வாசிக்கட்டும். என் காரணங்கள்: ஒன்று, எனக்குக் குரல் நடுங்கும், பின்வரிசைக்குக் கேட்காது. இரண்டு, அங்கிருப்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். மூன்று, எழுத்தில் இருந்தால் எதுவும் விடுபடாது.

உங்கள் அனுமதியை எதிர்பார்க்கும்,
ச. மனுவேற்பிள்ளை


பருத்தித்துறை
08.03.2024

மாஸ்ரர்,

எழுதிக் குடுத்து சுவாமியைக் கொண்டு வாசிப்பிக்கப் போறியளோ? அண்டைக்கும் அதைத்தானே செய்தனியள்!

குரல் நடுங்கட்டும். நடுங்கினால் என்ன? பின்வரிசைக்குக் கேக்காட்டி முன்வரிசை சொல்லும். எங்கடை சனம் அதிலை கெட்டிக்காரர்.

மக்டலீனைக் கொண்டு அந்தச் செக்கரியா மூண்டை வாசிப்பிச்சனான். ஒருக்கா வாசிச்சு முடிய, இன்னொருக்கா வாசி எண்டனான். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்.

எங்கடை கரையிலை துக்கமணி ஏன் அடிக்கிறது எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறியள்? மரியாதைக்கெண்டோ? மணி கேட்டால்தான் ஆக்கள் வருவினம். ஆர் செத்தது எண்டு தெரியாமலே வருவினம். ஆம்பிளையள் பெட்டிக்கு ஓடுவினம். பொம்பிளையள் ஆளுக்கொரு குடம் தண்ணியோடை வருவினம், குளிப்பாட்ட. மணி அடிக்காத வீட்டுக்கு ஒருத்தரும் காலடி வைக்காயினம். அதுதான் எங்கடை ஊர்ப் பழக்கம்.

எனக்கு ஒருத்தரும் வரேல்லை. மூண்டு நாள் கடலிலை கிடந்த உடம்பு. பொலிஸ் உடனை அடக்கம் செய்யச் சொல்லிப்போட்டுது. றெஜியும் அவன்ரை தகப்பனும் மட்டும்தான். உடம்பிலை மணலும் பாசியும் எண்ணெயும். இடுப்பிலை அந்தக் கிழிஞ்ச சாரம். நான் அந்தக் கலியாணச் சேட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டனான், மாஸ்ரர். குளிப்பாட்ட ஆக்கள் வருவினம், பிறகு போடுவம் எண்டு. ஒருத்தரும் வரேல்லை. அப்பிடியே கொண்டுபோய்த் தாட்டாச்சு.

நீங்கள் எழுதியிருக்கிறியள், ஊத்தை உடுப்போடை நிக்கிறது நீங்கள் எண்டு.

உங்கடை உடுப்பிலை என்ன ஊத்தை? நாப்பத்து நாலு வரியமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதானே கோயிலிலை முன்வாங்கிலை இருந்தனியள்.

நான் அந்தக் கரைக்கு வரமாட்டன். கால் வராது. மக்டலீன் வருவாள். நீங்கள் வாயாலை சொன்னால் அவள் முன்னாலை வருவாள். பேப்பர் வாசிச்சால் அப்பிடியே திரும்பி பஸ் ஏறுவாள். அவளுக்குச் சொல்லிப்போட்டன்.

ஸ்ரெல்லா


நல்லூர்
17.03.2024

மதிப்புக்குரிய ஸ்ரெல்லா அவர்களுக்கு,

மக்டலீன் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆயினும் நான் கண்டதை நானும் எழுத வேண்டும். இம்முறை இலக்கமிட்டு எழுதவில்லை.

வெள்ளி மாலை சிலுவைப்பாதைக்கு நாற்பது பேர் வரை இருந்தார்கள். பதினான்காம் நிலை முடிந்ததும் குரு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சட்டைப்பையில் நான் எழுதிய தாள் இருந்தது. பயத்தில் அதைக் கொண்டுவந்திருந்தேன். உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை. எழுந்து முன்னே போனேன். தாளை எடுத்து விரித்தேன். பின்வாசலில் ஒரு பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். நான் தாளை விரித்ததும் அவர் வெளியே திரும்பினார். அந்த நெற்றி அடைக்கலநாதனின் நெற்றி.

தாளை மடித்துப் பீடத்தின் படியில் வைத்துவிட்டேன்.

என்ன பேசினேன் என்று எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. குரல் நடுங்கியது. "கேக்கேல்லை, மாஸ்ரர்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நீங்கள் எழுதியதைப் போலவே முன்வரிசை பின்வரிசைக்குச் சொல்லத் தொடங்கியது. நான் ஒரு வசனம் சொல்வேன். அது வாங்கு வாங்காகப் பின்னே போகும். "அவர் வலை எடுக்கத்தான் போனவராம்." "மாஸ்ரருக்குத் தெரியாதாம்." "தெரியாமல் எழுதிப்போட்டாராம்." என் குற்றம் ஐந்தாறு வாய்களால் மறுபடி மறுபடி சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். முடிந்ததும் றெஜி எழுந்து, "இப்பவாவது" என்றார். அவ்வளவுதான்.

மக்டலீன் முன்னே வந்தார். குரு மணிக்கயிற்றை அவிழ்த்து அவரிடமே கொடுத்தார். "நீங்களே இழுங்கோ, அக்கா." அவருக்குப் பழக்கமில்லை. முதல் இழுப்பில் சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை முழு உடம்பாலும் இழுத்தார். மணி ஒருமுறை அடித்தது. துக்கமணிக்கு உரிய இடைவெளி விட்டு மறுபடி அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தச் சொல்லில் எழுதுவது என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

ஊருக்குள் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்குக் கேட்டது மணி மட்டும். வந்தார்கள். கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்கள். வள்ளம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரச் சாரத்தோடு வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். ஸ்ரெல்லா, பெண்கள் தண்ணீரோடு வந்தார்கள். சிலர் குடத்தில், பலர் பிளாஸ்ரிக் வாளியில். இந்தக் காலத்தில் இந்தப் பழக்கம் இருக்காது என்றே நான் நினைத்திருந்தேன்.

"ஆர் பாதர்? ஆர் போயிட்டினம்?"

"வாட்சப்பிலை ஒண்டும் வரேல்லையே!"

"மணி இழுத்த பிள்ளையின்ரை தகப்பனாம். அடைக்கலநாதன்."

"அந்தாள் செத்து எத்தினை வரியம்!"

"மணி இப்பத்தானே அடிச்சது" என்றாள் ஒரு பெண். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நூற்றைம்பது பேர் இருக்கும். எல்லோரும் சேமக்காலைக்கு நடந்தோம்.

நான் சுவரைத் தேடினேன். அவரை எந்தச் சுவருக்கு வெளியே வைக்க என் தாள் காரணமானதோ, அந்தச் சுவரை. கடற்பக்கச் சுவர் இல்லை. சுனாமி கொண்டுபோனதாம், திரும்பக் கட்டவில்லையாம். உள்ளே எது, வெளியே எது என்று பிரிக்க அங்கே ஒரு கல்லும் இல்லை. எல்லாம் ஒரே மணல். றெஜி முருகைக்கற்களை வட்டமாகப் புதைத்து அடையாளம் வைத்திருந்தார். மணலைக் கையால் விலக்கிக் காட்டினார்.

அப்போது பெண்கள் முன்னே வந்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஒருத்தி தன் வாளியைச் சாய்த்துத் தலைமாட்டில் மெதுவாக ஊற்றினாள், உயிருள்ள ஒருவரின் கண்ணில் தண்ணீர் படாமல் ஊற்றுவதைப் போல. அடுத்தவள் தோள் இருக்கும் இடத்தில். பிறகு நெஞ்சு, கை, கால். தலையிலிருந்து பாதம் வரைக்கும் அந்த மணலைக் குளிப்பாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் அவர் இறந்தபோது பிறந்திருக்கவில்லை. மணல் கருத்து, ஒரு ஆள் படுத்திருக்கும் அளவுக்கு ஈரமானது. மக்டலீன் கைப்பையைத் திறந்து நீங்கள் கொடுத்துவிட்ட கலியாணச் சேட்டை எடுத்தார். மடிப்பு மாறாமல் இருந்தது. அதை அந்த ஈரத்தின் மேல் விரித்து, இரண்டு கைகளையும் நேராக வைத்து, பொத்தான்களைப் பூட்டினார்.

றெஜி குனிந்து, "பிந்தி வந்திட்டம், அண்ணை. குறை நினையாதையுங்கோ" என்றார்.

நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். மக்டலீன் என்னிடம் வந்து பிஸ்கற் ரின்னை நீட்டினார்.

"அம்மா சொன்னவ, இதை மாஸ்ரரிட்டைக் குடு எண்டு. கழட்டினதை அவர்தானாம் கடைசியாக் கண்டவர். அவரே திருப்பி வைக்கட்டாம்."

ரின்னை இரு கைகளாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்; மூடியை மக்டலீன்தான் திறந்தார். உத்தரியத்தின் நூல் மங்கியிருந்தது. மாதாவின் படம் வெறும் நிழலாக இருந்தது. மண்டியிட்டு அதைச் சேட்டின் கழுத்துப் பட்டியைச் சுற்றி வைத்தேன். அன்று கூப்பிட்டதைப் போலவே, மெல்ல, "அடைக்கலநாதன்" என்று கூப்பிட்டேன். இம்முறை இடப்பக்கம் போயிருந்து கூப்பிட்டேன்.

இருளத் தொடங்கியதும் மக்டலீன் என்னைப் பேருந்துத் தரிப்பிடம் வரை கைபிடித்துக் கூட்டிவந்தார். ஏறும்போது, "யன்னல் பக்கம் இராதையுங்கோ, காத்து அடிக்கும்" என்றார்.

நீங்கள் இன்னும் மன்னித்ததாக எழுதவில்லை. நான் இனிக் கேட்கவும் மாட்டேன்.

நேற்றும் இன்றும் அந்த அதிகாரத்தை வாசித்தேன். இறைவன் கடிந்துகொண்ட பிறகு அந்த வலப்பக்கத்தில் நின்றவனுக்கு என்ன நடந்தது என்று தேடினேன். அவனை வெளியே அனுப்பியதாக ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அப்படியானால் அவனும் அங்கேயே நின்றிருக்க வேண்டும். தான் குற்றம் சொல்ல வந்தவனுக்கு அழுக்கு உடை களைந்து, நல்ல உடை உடுத்தி, பாகை வைப்பதை முழுவதும் பார்த்துக்கொண்டு, சொல்ல ஒரு வார்த்தையும் இல்லாமல். அதைப் பார்க்க அவனை விட்டுவைத்தது தண்டனையா கருணையா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளி மாலை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

முதல் கடிதத்தில் நான்காவதாக, அழுக்கு உடையோடு நிற்பவன் நான் என்று எழுதியிருந்தேன். அது பிழை.

ச. மனுவேற்பிள்ளை